தறி ஓடினால் ஒரு மார்க், நின்றால் ஒரு மார்க்

ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு மார்க் வரும். ஞாயிற்றுக்கிழமை கோவையில் கோச்சிங் சென்டரில் எழுதும் நீட் மாக் டெஸ்ட்டில் நானூற்று எழுபதை ஒட்டி ஒன்று. மறுநாள் சென்டருக்கு லீவு. அன்று சோமனூரில் எங்கள் வீட்டிலேயே கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு இன்னொரு டெஸ்ட் எழுதி, விடைகளைச் சென்டரின் ஆப்பில் ஏற்ற வேண்டும். அதில் ஐந்நூற்று அறுபது. ஒரு வாரம் இரண்டு வாரமில்லை, மாதக்கணக்காக இதே கூத்து. இன்று வந்த மூளை நேற்று எங்கே போயிருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

சென்டரில் மார்க்கை முன்கூட்டிச் சொல்கிறவர் இயற்பியல் சார். கடைசியாக எழுதிய டெஸ்ட்டுகளை எடுப்பார். அதில் மிக மேலே போனதையும் மிகக் கீழே விழுந்ததையும் தள்ளிவிடுவார். மீதிக்குச் சராசரி போட்டு, "பயத்துக்குக் கழிவு" என்று கொஞ்சம் கழிப்பார். வருவதுதான் மே மாதம் உனக்கு வரப்போகும் மார்க் என்பார். பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும் என்று சீனியர்கள் சத்தியம் பண்ணுவார்கள். அதனால் அவர் வாயிலிருந்து ஒரு எண்ணை வாங்க நாங்கள் கோயில் பிரசாதத்துக்கு நிற்பதுபோல் நிற்போம். என் முறை வரும்போது மட்டும் மனுஷர் பேனாவை மூடிவிடுவார். "உனக்குக் கணக்கே ஓட மாட்டீங்குது. ரெண்டு ஆளு மார்க்கை ஒட்டுக்காப் போட்டா எப்படிச் சராசரி எடுக்கறது?" என்பார்.

அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் எனக்கு ஐந்நூற்று இருபதாவது வேண்டும் என்பது அவர் கணக்கு. வீட்டு மார்க் உண்மையானால் நான் டாக்டர். சென்டர் மார்க் உண்மையானால் ஒன்றுமில்லை. போன வருடம் ஒருமுறை எழுதித் தோற்றுவிட்டு, இது எனக்கு இரண்டாம் முறை. மூன்றாவது முறை எழுத மாட்டேன் என்று நானே அப்பாவிடம் சொல்லியிருந்தேன். யாரும் கட்டாயப்படுத்திச் சொன்னதில்லை, என் ரோஷம் சொன்னது.

ஒரு நாள் சார் என் அம்மாவை வரச்சொன்னார். அம்மா தறியை அப்பாவிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து, நூல் துகள் ஒட்டிய தலையோடு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. உங்க பொண்ணுகிட்ட ஒரு சோறு வெந்திருக்குதுங்க, ஒரு சோறு வேகலீங்க. பானை ஒண்ணுதானுங்களே?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "அப்படின்னா என்னங்க சார்?"

"ஊட்டுல எழுதறப்ப பக்கத்துல புஸ்தகம் இருக்குதுங்களா, போன் இருக்குதுங்களான்னு ஒரு கண்ணு பாத்துக்குங்க. நான் வேற ஒண்ணும் சொல்லலீங்க."

வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்! இதற்கு மேல் சொல்ல என்ன பாக்கி இருக்கிறது? எனக்குக் காது இரண்டும் எரிந்தது. "சார், நான் பாத்து எழுதலீங்க சார்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அது வேறு எனக்கு ஆத்திரம்.

"பாத்து எழுதுனேன்னு நான் சொன்னனா? ஹால்ல என்ன வரும்னு எனக்குத் தெரியோணும். பொய் மார்க்கை வெச்சுட்டு நான் யாரை ஏமாத்தறது?" என்றார் அவர். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ்ஸில் அம்மா மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏதாச்சும் பேசுங்கம்மா" என்றேன். கருமத்தம்பட்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "போன வருசமும் இப்படித்தான" என்றார். அவ்வளவுதான். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்கு அத்தனை வலித்திருக்காது.

போன வருடம் நான் எந்த சென்டருக்கும் போகவில்லை. எல்லா மாதிரித் தேர்வும் வீட்டில்தான். எல்லாவற்றிலும் ஐந்நூற்று ஐம்பதுக்குக் குறையவில்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நூல் கொண்டுவருகிறவர், மளிகைக் கடைக்காரர், டீக்கடை என்று ஒருவரை விடாமல் "என்ற புள்ளைக்கு ஐந்நூத்தி அம்பது வருமுங்க" என்று சொல்லி வைத்திருந்தார். தேர்வு எழுதி வந்தேன். நூற்றுக்கு மேல் குறைந்திருந்தது. "பயந்துபோட்டா புள்ள" என்று தெருவே சேர்ந்து ஒரு காரணம் கண்டுபிடித்தது. நானும் அதை நம்பினேன். அப்பா சில மாதம் அந்த டீக்கடைப் பக்கமே போகவில்லை.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு என்பது தறிக்குடோனின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டு அறை. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி, இந்தப் பக்கம் என் மேஜை. தறி ஓடும்போது மேஜையில் வைத்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை வரும். குடோனுக்குள் யாரும் குரலால் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. உதட்டை அசைப்போம், எதிரே இருப்பவர் உதட்டைப் படித்துக்கொள்வார். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகூட இதைப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கற்றுக்கொள்ளும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு பக்கமும் தறிதான். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வையே ஜன்னலுக்கு அப்பால் தறி அடிக்க அடிக்கத்தான் எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை அம்மா என் போனை வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டார். புத்தகங்களை எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் ஏற்றினார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். கோர்ட்டில் சாட்சி சொல்லப்போகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் ஒரு வார்த்தை பேசாமல் எழுதினேன். நடுவில் தறியில் நூல் அறுந்ததென்று இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தார். டெஸ்ட் முடிந்து விடைகளை ஏற்றினோம். ஐந்நூற்று அறுபத்தி மூன்று.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன்" என்றார். "நடுவுல ரெண்டு வாட்டி எந்திரிச்சுப் போனேன்ல."

அம்மாவை எனக்குக் கடித்துக் குதறலாம் போல் இருந்தது. இரண்டு நிமிடத்தில் பரண் ஏறி மூட்டையைப் பிரித்து இயற்பியல் புத்தகத்தில் விடை தேடி எழுதிவிட்டு மறுபடி கட்டி வைக்க நான் என்ன மந்திரவாதியா? இதைத்தான் கேட்டேன். "எதிர்த்துப் பேசறதுக்கு மட்டும் வாய் எட்டூருக்கு நீளுது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, சந்தேகம் முடியவில்லை.

பிறகு ஸ்டிரைக் வந்தது. கூலி உயர்வு கேட்டுச் சுற்றுவட்டாரத்துத் தறிகளை எல்லாம் ஒட்டுக்காக நிறுத்தினார்கள். எங்கள் எட்டும் நின்றன. பக்கத்துக் குடோன், எதிர்க் குடோன், பின்தெரு எல்லாம் நின்றன. நான் பிறந்ததிலிருந்து அப்படியொரு சத்தமின்மையைக் கேட்டதில்லை. அப்பா சங்கக் கூட்டத்துக்குப் போனார். அம்மாவுக்குக் குடோனில் வேலை இல்லை. ஆக அந்தத் திங்கட்கிழமை ஸ்டூலை விட்டு ஓர் அங்குலம் நகராமல் என்னைக் காவல் காத்தார்.

முதல் கேள்வியைப் படித்தேன். காற்றாடி டக், டக் என்றது. மறுபடி படித்தேன். தெருவில் யாரோ குடத்தைக் கீழே வைத்தார்கள். அம்மா மூச்சு விட்டார். என் பேனா வட்டத்தை நிரப்பும்போது கர கர என்றது. இத்தனை நாளும் பேனாவுக்குச் சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு கேள்வியின் முதல் வரியிலிருந்து கடைசி வரிக்குப் போவதற்குள் முதல் வரி நழுவிவிடும். சென்டர் ஹாலில் நடக்கும் அதே கதை, அதே வேர்வை. நேரம் முடிந்தபோது கடைசிப் பக்கத்தை நான் தொடவே இல்லை.

நானூற்று அறுபது வந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "இப்பத்தாண்டி உன்ற உண்மையான மார்க் வந்திருக்குது! நான் எந்திரிச்சுப் போகல, உனக்குத் தோது கெடைக்கல. இத்தன நாளா என்னையும் உங்கப்பனையும் ஏமாத்தியிருக்கறே. பாத்துத்தான் எழுதியிருக்கறே!"

தறி ஓட்டுகிறவர்களுக்கு வாயைத் திறந்தால் குரல் மெதுவாக வராது. இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. மற்ற நாளாக இருந்தால் அந்தக் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்காது. அன்றைக்கு ஊரே வாயை மூடிக்கொண்டு இருந்தது. பக்கத்துக் குடோன் அக்கா வெளியே வந்து நின்றார். எதிர்வீட்டில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "பாத்துத்தான் எழுதியிருக்கறே" என்பது தெருக்கோடி வரை போய்விட்டது.

"இல்லவே இல்லை! என்ற மேல உங்களுக்கு இவ்வளவுதானா நம்பிக்கை?" என்று நானும் கத்தினேன். கேள்வித்தாளைக் கிழித்துத் தரையில் போட்டேன். "நான் எழுதப் போறதே இல்லை. போங்க. எல்லாரும் நிம்மதியா இருங்க." சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்து, பெரிய பெண் என்ற வெட்கமில்லாமல் ஏங்கி ஏங்கி அழுதேன். யாரும் வந்து சமாதானம் சொல்லவில்லை.

பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அப்பா வந்தார். தெருவே அவருக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருந்தது. "வா அம்மணி, சோறு தின்னு மொதல்ல" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். அம்மா போட்ட குழம்பில் உப்பே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்திருந்தது. அம்மா கரண்டியால் தன் நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"கெரகம்! இந்தத் தறி நின்னதிலிருந்து ஒரு சோலியும் ஓட மாட்டீங்குதுங்க. தலைக்குள்ள கொய்யுனு இரையுது. இவளும் அப்படித்தான், சின்னதுல கரண்டு போச்சுன்னா இவளோட மல்லுக்கட்டவே எனக்கு நேரம் சரியாப் போகும். தறி ஓடறவரைக்கும் தூளியில அப்படி ஒரு தூக்கம். நின்னாப் போதும், எந்திரிச்சு வீல்வீல்னு..."

அங்கேயே நிறுத்தினார். கரண்டி கையில் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன? என்னாச்சு ரெண்டு பேருக்கும்?" என்றார் அப்பா.

சென்டர் ஹாலில் ஏ.சி. போட்டு, கதவை மூடி, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில்தான் டெஸ்ட் வைப்பார்கள். போன வருடத் தேர்வு ஹாலும் அப்படித்தான் இருந்தது. எல்லோருக்கும் அமைதியில்தான் படிப்பு ஏறும், எனக்கு மட்டும் அமைதியில் இறங்கிவிடுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கைகொட்டிச் சிரிக்க மாட்டார்களா?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றால் ஸ்டிரைக் நேரத்தில் தறியைத் தொட முடியாது. ஒற்றைத் தறியின் சத்தம் கேட்டாலும் நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. தேர்வு நெருங்கிக்கொண்டே வந்தது. ஒருவழியாக ஸ்டிரைக் முடிந்து தறிகள் ஓடத் தொடங்கிய வாரம், சென்டரில் எழுதாமல் விட்ட ஒரு கேள்வித்தாளை வாங்கி வந்து உட்கார்ந்தேன். அம்மா எதிரே ஸ்டூலில். நூல் அறுந்தது, அப்பா கூப்பிட்டார், அம்மா எழுந்திருக்கவில்லை. ஐந்நூற்று ஐம்பத்தெட்டு வந்தது.

அம்மா போனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. என்ன அழுத்தமோ! திருடி என்று தெருவுக்கே கேட்கச் சொல்லத் தெரிந்த வாய்க்கு, இல்லை என்று சொல்ல வரவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தூளிக் கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். கரும்பலகைக்குப் போய்ச் சும்மா அதைத் துடைத்தார்.

"ஹாலுக்குள்ள தறியைத் தூக்கிட்டுப் போக முடியாது கண்ணு" என்றார்.

"தெரியுங்க சார்."

"அப்ப உன்ற மார்க் நானூத்தி எழுபதுதான். உனக்குப் பயத்துக்குக் கழிவு போட வேண்டியதில்லை. அந்தக் கழிவு அதுலயே சேர்ந்துபோச்சு. அந்த ஐந்நூத்தி அறுபதை மறந்துரு. சத்தமில்லாத எடமாப் பாத்து எழுதி ஏத்து, அதை வெச்சுத்தான் இனிமேக் கணக்கு."

அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் என்ன, நானூற்று எழுபது ஐந்நூற்று இருபது ஆகிவிடுமா? ஆனாலும் அன்றைக்குத்தான் முதன்முறையாக எனக்கு ஒரு எண்ணைச் சொன்னார். அது தோற்கிற எண். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சோமனூரில் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? அப்பா எங்கள் எட்டுத் தறியை நிறுத்தத் தயார், ஆனால் தெருவை நிறுத்த முடியாது. கடைசியில் அம்மாதான் சொன்னார். காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் மாமா ஒரு தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறார். நடுக்காட்டில் சாளை, அதுதான் அவர் வீடு. பக்கத்து வீடு என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. "அங்க போலாம். நானும் வாரேன்" என்றார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் அம்மாவும் நானும் விடிந்ததும் கிளம்பி, திருப்பூரில் இறங்கி, காங்கேயம் பஸ் பிடிப்போம். பஸ்ஸில் இரண்டு பேரும் பேச மாட்டோம். டிக்கெட் வாங்குவதற்குக்கூட அம்மா கண்டக்டரிடம்தான் பேசுவார், என்னிடம் இல்லை. எனக்கும் வீம்பு. சாளையில் மாமா வாகாக ஒரு கட்டிலை நிழலில் போட்டு, அதன் முன்னால் பலகை வைத்துத் தருவார். மாடுகளைத் தூரத்துக் கொறங்காட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய்விடுவார், மணிச் சத்தம் கேட்கக் கூடாதென்று. அம்மா வேலிக்கு அருகில் இருக்கும் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். போகும்போது கண்ணாடி வளையல்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்தேன். பார்த்தும் எதுவும் கேட்கவில்லை.

முதல் முறை நானூற்று ஐம்பதுக்கும் கீழே போனது. அந்த அமைதிக்கு முன்னால் சென்டர் ஹால் சந்தைக்கடை. என் நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. அடுத்த வாரமும் அதே. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இது ஆகிற காரியமில்லை என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு வேதியியல் கேள்வி ஐந்து முறை படித்தும் மண்டையில் நிற்கவில்லை. கோபத்தில் அதை உதட்டால் சொன்னேன். குடோனில் பேசுவோமே, அப்படி. குரல் இல்லை, உதடு மட்டும். கேள்வி நின்றது! அடுத்ததையும் அப்படியே உதட்டால் படித்தேன். அதுவும் நின்றது. எதிரே இருக்கும் யாரோ ஒருத்திக்கு இரைச்சலுக்கு நடுவில் சேதி சொல்வதுபோல் ஒவ்வொரு கேள்வியையும் சொல்லச் சொல்ல, காதுக்குள் கேட்ட எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது. அன்று நானூற்று எண்பத்தைந்து. அதற்கடுத்து ஐந்நூறைத் தாண்டியது, பிறகு ஐந்நூற்று முப்பதைச் சுற்றியே நின்றது. தறிச் சத்தத்து ஐந்நூற்று அறுபது கடைசிவரைக்கும் வரவில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் சார் பேனாவைத் திறந்து, அமைதியில் எழுதிய கடைசி டெஸ்ட்டுகளை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டார். "ஐந்நூத்தி முப்பதை ஒட்டி வரும்" என்றார். வேண்டியது ஐந்நூற்று இருபது. நடுவில் இருப்பது இரண்டு மூன்று கேள்வி. இரண்டு மூன்று கேள்வியில் தொங்கியது என் பிழைப்பு.

தேர்வு கோவையில் ஒரு பள்ளிக்கூடத்தில். கேட்டுக்கு வெளியே வெயிலில் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். அப்பா "வெசனப்படாத அம்மணி" என்று பத்து முறை சொன்னார். உள்ளே போய் உட்கார்ந்தேன். கதவை மூடினார்கள். மணி அடித்தது. எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். நான் உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தேன். உயிரியல் முடிந்தது, நன்றாகவே முடிந்தது. வேதியியலில் கால்வாசி போயிருப்பேன், மேஜைமேல் ஒரு நிழல் விழுந்தது.

"என்னம்மா முணுமுணுக்கறே? யாருக்குச் சொல்றே?" என்றார் மேற்பார்வை மேடம். ஹால் முழுக்கத் தலை திரும்பியது.

மறுபடியுமா? எத்தனை பேரிடம்தான் நான் திருடி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பது? "யாருக்கும் சொல்லலீங்க மேடம். சத்தம் வருதுங்களா பாருங்க. உதடு அசைஞ்சாத்தான் எனக்குப் படிக்க வருமுங்க."

"வாயை மூடிட்டு எழுது. இன்னொரு தடவை பார்த்தா தாளை வாங்கிடுவேன்."

வாயை மூடினேன். காற்றாடி டக், டக் என்றது. ஒரு கேள்வியும் நிற்கவில்லை. தாளில் எழுத்து இருந்தது, அர்த்தம் இல்லை. அவர் என் பக்கத்திலேயே நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சாமி, இதுவும் போச்சா என்று நினைத்தேன். கேட்டுக்கு வெளியே நிற்கிற இரண்டு பேர் ஞாபகம் வந்தது. மறுபடி அதே டீக்கடை, அதே "பயந்துபோட்டா புள்ள". ஆத்திரம் பொங்கியது. இடது கையால் மோவாயைத் தாங்குவதுபோல் வைத்து, உள்ளங்கையால் வாயை மறைத்தேன். அதற்குள் உதட்டை அசைத்தேன். மேடம் குனிந்து பார்த்தார், என் கையை, என் கண்ணை, தாளை. என் கண் தாளை விட்டு எங்கும் போகவில்லை. சற்று நேரத்தில் நிழல் நகர்ந்தது. நான் எழுதினேன். மணி அடிக்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. எழுந்தபோது கழுத்து திரும்பவில்லை.

வெளியே வந்ததும் அப்பா "எப்படி?" என்றார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

விடைக் குறிப்பு வந்த அன்று காலையிலிருந்தே அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். நான் போனையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனதும், "சித்த இரு, தறியை நிறுத்திப்போட்டு வாரேன். புள்ள அமைதியாப் பாக்கட்டும்" என்று ஸ்விட்சுக்குப் போனார்.

"ஏனுங்க, நிறுத்தாதீங்க" என்றார் அம்மா. "ஓடட்டும். ஓடுனாத்தான் அவளுக்கு மனசு நிக்கும்."

அப்பா வேறு வழியில்லாமல் வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார். டம்ளரில் வட்டம் வட்டமாக அலை வந்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு. ஒருமுறை கூட்டினேன். நம்பாமல் மறுபடி கூட்டினேன்.

நிமிர்ந்தால் குடோன் வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். மார்க் என்ன என்று அவருக்குத் தெரியாது. என் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க நான் விடவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. இரைச்சலுக்கு நடுவில் உதட்டை மட்டும் அசைத்தார்.

"நீ பாத்து எழுதல கண்ணு. எனக்குத் தெரியும்."

எத்தனை மாதம் காத்திருந்த வார்த்தை! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. திட்டியதைத் தெருவே கேட்டது, இதை மட்டும் நான் ஒருத்தி உதட்டில் படித்துக்கொள்ள வேண்டுமா? எழுந்து போனேன். மெயின் ஸ்விட்சை இழுத்தேன். எட்டுத் தறியும் ஒவ்வொன்றாக மூச்சு வாங்கி நின்றன.

"இப்பச் சொல்லுங்கம்மா" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய பெண்தானே நான், வீம்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா? தெருவைப் பார்த்தாற்போல் திரும்பினார். மற்ற குடோன்களின் இரைச்சலுக்கும் மேலே போகும்படி தறிக்காரத் தொண்டையைத் திறந்தார்.

"என்ற புள்ள பாத்து எழுதல! நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்! போதுமாடி?"

பக்கத்துக் குடோன் அக்கா தறியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுத் திண்ணைச் சீட்டுக்காரர்கள் நிமிர்ந்தார்கள். "போதும்" என்றேன். அம்மா முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார். வலிக்கிற மாதிரிதான் துடைத்தார்.

அப்பா அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்னாச்சு? ஏன் தறி நின்னுபோச்சு? மோட்டார் போயிருச்சா?"

அப்புறம்தான் அவரிடம் மார்க்கைச் சொன்னேன். ஐந்நூற்று இருபத்தெட்டு.